லிமிட் மேசையில் ஒரு ‘போட்டுட்டேன்’

என் உள்ளங்கைக்குக் கீழே இரண்டு கார்டுகள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றை இடது பக்கம் இருக்கும், எறிந்த கார்டுகளின் கழிவுக் குவியலில் சேர்த்துவிட்டால் ஒருவர் சிரிப்பார். சேர்க்காமல் பிடித்து வைத்திருந்தால் அதே ஆள் என் தம்பியை என்ன செய்வாரோ தெரியாது. கப்பல் நடுக்கடலில் நின்றிருந்தது. கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. போக்கர் டீலராக வேலை பார்த்த காலத்தில் அன்றைக்குப் பயந்ததுபோல் நான் என்றைக்கும் பயந்ததில்லை. கார்டு மேசைக்கு வேலைக்கு வருகிறவர்களும், ஆடித்தான் பார்ப்போமே என்று உட்காருகிற புதியவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. பயந்தாங்கொள்ளிக்கு ஏற்ற வேலை

நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸ்காரி. பெயர் பரமேஸ்வரி. கப்பலில் எல்லாருக்கும் ‘பேம்’. பெயர் அட்டையில் முழுப் பெயருக்கு இடம் போதாது என்றார்கள். உண்மையில் அவர்களுக்கு வாய் போதவில்லை. பள்ளி முடித்து ஜொகூர் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஆப்பரேட்டராக இருந்தேன். என் விரல் வேகத்தைப் பார்த்த ஒரு ஏஜெண்டு, டீலர் பயிற்சியில் சேர்த்துவிட்டார். காலையில் ஜெட்டியிலிருந்து, அதாவது படகுத்துறையிலிருந்து, ஃபெரி ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், கடல் எல்லைக்கு வெளியே நிற்கும் கப்பலில் இறக்கும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும். இடைப்பட்ட நேரத்தில் அவர்கள் ஆடுவார்கள், நாங்கள் கார்டு போடுவோம்.

எனக்குப் பயம் கூடப் பிறந்தது. இடி, நாய், மேனேஜர், இமிகிரேஷன் கவுண்டர், இந்த நான்குக்கும் பயம். இப்படிப்பட்டவள் சூதாட்டக் கப்பலில் எப்படி நின்றாய் என்று கேட்பார்கள். பயந்தவள் கவனமாக இருப்பாள், அதனால்தான் நின்றேன். ஆட்களின் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும் என்பதால் கைகளை மட்டும் பார்த்துப் பழகினேன். டீலருக்கு வேண்டியதும் அதுதான்.

கப்பலில் பெரும்பாலும் பக்காரா என்ற சீட்டாட்ட மேசைகள். போக்கருக்கு ஒரே மேசை, அதுவும் லிமிட் ஹோல்டம் மட்டும். நோ லிமிட் வைத்தால் சண்டை வரும் என்பது எங்கள் முதலாளியின் கணக்கு.

2. லிமிட் என்றால் என்ன

ஹோல்டமில் ஆளுக்கு இரண்டு கார்டு கவிழ்த்துக் கொடுப்போம். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து கார்டு திறப்போம். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. அந்தக் கடைசிக் கார்டுக்குப் பெயர் ரிவர். கார்டு திறக்கும் முன் ஒரு சுற்று, ஒவ்வொரு திறப்புக்குப் பிறகும் ஒரு சுற்று பெட் நடக்கும்.

நோ லிமிட்டில் எதிராளி திடீரென்று முன்னால் இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டு உங்களைக் கலங்கடிக்கலாம். லிமிட்டில் அந்த வேலை நடக்காது. முதல் இரண்டு சுற்றில் பெட் ஓர் அளவு, கடைசி இரண்டு சுற்றில் அதற்கு இரட்டிப்பு. ஒரு சுற்றில் ஒரு பெட், அதை ஏற்றிக் கேட்கும் ரெய்ஸ் மூன்று, அதோடு நிறுத்தம். எதிரே இருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எப்படி முறைத்தாலும், ஒரு தடவைக்கு உங்களிடம் கேட்கக்கூடியது ஒரே அளவுதான். பயந்த சுபாவக்காரர்களுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த ஆட்டம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் புதியவர்கள் இதிலும் பயந்துதான் தோற்கிறார்கள். எங்கள் மேசையில் மலாயில் ‘இக்குட்’ என்றால் கூடவே போவது, அதாவது கால். ‘பூவாங்’ என்றால் கார்டை எறிவது, அதாவது ஃபோல்டு. புதியவர் வாயில் வருவதெல்லாம் இக்குட்தான். எறிந்துவிட்டால் நல்லது போய்விடுமோ என்று பயம். ரெய்ஸ் பண்ணினால் வம்பு வருமோ என்று பயம். நடுவில் இக்குட், இக்குட் என்று சொல்லிக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டுக்குள் துடைத்துப் போட்டாற்போல் எழுந்துவிடுவார்.

நான் பார்த்த வரையில் நன்றாக ஆடுகிறவர்கள் செய்வது இவ்வளவுதான். முதல் இரண்டு கார்டு சுமாராக இருந்தால் வெட்கப்படாமல் எறிந்துவிடுவார்கள். பெரும்பாலான கை சுமாராகத்தான் வரும். நல்ல கை வந்தால் ரெய்ஸ் பண்ணுவார்கள், பதுங்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு முன்னால் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் இன்னும் கறாராக இருப்பார்கள். ரிவரில், நடுவில் பாட், அதாவது எல்லாரும் வைத்த சிப், குவிந்து கிடக்கும்போது, கையில் உருப்படியாக ஒன்று இருந்தால், ஒரு பெட்டுக்குப் பயந்து எறிய மாட்டார்கள். தப்பாக இக்குட் போட்டால் போவது ஒரு பெட். தப்பாக எறிந்தால் போவது மொத்தப் பாட். அதனால்தான் கையில் ஒன்றும் இல்லாமல் இருப்பதுபோல் காட்டி மிரட்டும் ப்ளஃப் லிமிட்டில் அவ்வளவாக எடுபடாது.

இன்னொன்று. பாட் உங்கள் பக்கம் வந்து சேரும் வரை கார்டைக் கையை விட்டு விடாதீர்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும்.

3. மேசையில் தமிழ்

மேசையில் ஆங்கிலம் அல்லது மலாய்தான் பேச வேண்டும் என்பது கப்பலின் சட்டம். எங்கள் சூப்பர்வைசர் தியோவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அன்றைக்கு மேசை முழுக்கத் தமிழர்கள். லாபிஸுக்குப் பக்கத்து ஊரான சாஆவிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் ஜாலியாகக் கிளம்பி வந்திருந்தது. அவர்கள் தமிழில் பேச ஆரம்பித்தார்கள், நானும் விட்டுவிட்டேன். நாள் முழுக்க வேற்று மொழி கேட்ட காதுக்கு அது இதமாக இருந்தது.

எனக்கு நேர் எதிரே முத்தையா உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் லாரி முத்தையா என்றால் தெரியாதவர் இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் வைத்திருந்தார். எதிர்த்துப் பேசிய ஒரு டிரைவருக்கு வட்டாரத்தில் யாருமே வேலை கொடுக்காதபடி செய்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. உட்கார்ந்ததுமே என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“நீ கோவிந்தன் மகதானே? உன் தம்பி கதிரு நம்ம லாரிலதான் ஓட்டுறான், தெரியும்ல?”

“தெரியும்ணே,” என்றேன். கார்டைக் கலக்க ஆரம்பித்தேன்.

அவருக்கு இடப்பக்கம் சுகுமாரன். மூவாரில் ஒரு ஃபர்னிச்சர் ஃபேக்டரியில் ஸ்ப்ரே அடிக்கிற பிரிவில் வேலை. ஹோல்டம் எப்படி ஆடுவது என்று கைப்பேசியில் படித்துவிட்டு முதல் தடவையாக வந்திருந்தார். நகக்கண்ணில் வார்னிஷ் கறை. சிப்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே வைத்தார். என்னை மாதிரி ஒரு ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். தமிழில் சிப்பை உள்ளே வைத்தாலும் ‘போட்டுட்டேன்’. கார்டைக் கீழே எறிந்தாலும் ‘போட்டுட்டேன்’. ஒன்று ஆட்டத்தில் இருக்கிறேன் என்று அர்த்தம், இன்னொன்று ஆட்டத்தை விட்டுப் போகிறேன் என்று அர்த்தம். வீட்டில் ரம்மி ஆடும்போது இது யாருக்கும் குழப்பாது. கூடவே கையும் பேசும் அல்லவா? ஆனால் போக்கர் மேசையில் வாயால் சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது. கல்யாணக் கூட்டத்தில் ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். நான் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். முத்தையா மட்டும் ஒரே மாதிரி பேசினார். பெட் வைக்கும்போது “கட்டுறேன்” என்பார். கார்டை எறியும்போது “போட்டுட்டேன்” என்பார். ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை.

4. ரிவர்

ஃபெரிக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த ஆட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே முத்தையா ரெய்ஸ் பண்ணினார். சுகுமாரன் பதிலுக்கு ரெய்ஸ் பண்ணினார். படித்துவிட்டு வந்ததைச் செய்கிறார் என்று தெரிந்தது, நெற்றியில் வேர்வை. நடுவில் ஒரு கிங் விழுந்தது. அந்தச் சுற்று நிறுத்தம் வரை போனது. மற்றவர்கள் எல்லாரும் எறிந்துவிட்டார்கள். நடுவில் குவிந்ததுபோல் அன்றைக்கு வேறெந்த ஆட்டத்திலும் குவியவில்லை. கல்யாணக் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்தது.

ரிவர் திறந்தேன். யாருக்கும் உதவாத ஒரு ஸ்பேட் மூன்று. முதலில் பேச வேண்டியவர் முத்தையா.

அவர் வலது உள்ளங்கையைப் பெட் வைக்கும் கோட்டின் மேல் கவிழ்த்து வைத்தார். இடது கை விரலால் தன் கார்டுகளை ஒரு துளி முன்னால் தள்ளினார். பெருமூச்சு விட்டார். “போட்டுட்டேன்பா,” என்றார்.

சுகுமாரனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று தன் இரண்டு கார்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். அவை வழுக்கிக்கொண்டு கழிவுக் குவியலை நோக்கி வந்தன. நான் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய் அவற்றின் மேல் விழுந்தது. குவியலைத் தொடவில்லை, நல்ல வேளை.

முத்தையா உள்ளங்கையைத் தூக்கினார். கீழே சிப் இருந்தது.

“பெட் போட்டுட்டேன்னு சொன்னேன்ல. அவன் கார்டை விட்டுட்டான். பாட்டை இந்தப் பக்கம் தள்ளு.”

சுகுமாரன் என் கைக்குக் கீழே இருந்த தன் கார்டுகளைப் பார்த்தார். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இவ்வளவு பெரிய பாட்டுக்கு ஒரு பெட் வைத்தால் புதியவன் நிச்சயம் இக்குட் போடுவான், ப்ளஃப் பலிக்காது. அதனால் சிப்பை விட்டுவிட்டு வார்த்தையால் ப்ளஃப் பண்ணியிருக்கிறார். இதைத் தமிழ் மேசையில்தான் செய்ய முடியும்.

“ஃப்ளோர்!” என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்தினேன்.

தியோ வருவதற்குள் முத்தையா முன்னால் சாய்ந்தார். சிரித்த முகம். மெதுவாகச் சொன்னார்: “பரமே, யோசிச்சுப் பேசு. கதிரு காலையில லோடு எடுக்கப் போகணும். மலைப்பாதை.”

மலைப்பாதையில் குலை ஏற்றிய லாரியும் அதில் என் தம்பியும் கண் முன்னால் வந்தார்கள். உள்ளங்கை நனைந்து கார்டுகளில் ஒட்டியது.

5. தியோவின் கேள்வி

தியோ மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். அதைத் தமிழில் தருகிறேன்.

“என்ன சொன்னார் இவர்?”

“போட்டுட்டேன்னு சொன்னார், பாஸ்.”

“அப்படின்னா?”

“ரெண்டு அர்த்தம், பாஸ். பெட் வச்சுட்டேன்னும் அர்த்தம். பூவாங்னும் அர்த்தம்.”

தியோ என்னையே பார்த்தார். “ஒரே வார்த்தை, பெட்டும் அதுதான், ஃபோல்டும் அதுதான்? நீங்கள்லாம் எப்படி கார்ட் ஆடுறீங்க?”

கல்யாணக் கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தியோவின் கண் என் பெயர் அட்டையிலிருந்து முத்தையாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. டீலரும் ஆட்டக்காரரும் ஒரே இனம், ஒரே ஊர், தடை செய்த மொழியில் பேச்சு. கூட்டுக் களவு என்று சந்தேகப்பட அவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மேலே கேமரா இருந்தது, ஒலியும் பதிவாகும்.

“இவர் காலையிலேருந்து அந்த வார்த்தையை எதுக்குச் சொன்னார்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காக இன்றுவரை தியோவை மெச்சுகிறேன். அன்றைக்கு அவர் வாயில் மண் விழ வேண்டும் என்று நினைத்தேன். முத்தையா என் வாயைப் பார்த்தார். சுகுமாரன் தன் நகத்தைப் பார்த்தார்.

“பூவாங்,” என்றேன். “ஒவ்வொரு தடவையும் பூவாங்தான், பாஸ். பெட்டுக்கு வேற வார்த்தை சொல்வார்.”

இதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முத்தையா மேல் இருந்த பயத்தைவிடக் கேமரா மேல் இருந்த பயம் அந்த நிமிடத்தில் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

தியோ தீர்ப்புச் சொன்னார். கார்டு குவியலைத் தொடவில்லை, ஆகவே சுகுமாரனின் கை உயிரோடு இருக்கிறது. சிப் கோட்டில் இருப்பதால் முத்தையாவின் பெட்டும் நிற்கும். இனி இந்த மேசையில் தமிழ் கிடையாது. நான் கையை எடுத்தேன். கார்டுகளைச் சுகுமாரன் பக்கம் திருப்பித் தள்ளினேன்.

இப்போது முடிவு அவர் கையில். முத்தையா அவரை ஒரு பார்வை பார்த்தார். “தம்பி, ஜெட்டில இறங்கித்தானே வீட்டுக்குப் போவணும்?” என்றார். தியோ விரலைத் தூக்கி அதட்டியதும் வாயை மூடிக்கொண்டார்.

சுகுமாரனின் உதடு நடுங்கியது. என்னிடம் மலாயில் கேட்டார், உடைந்த மலாய்.

“சிஸ்டர், நான் இன்னும் எவ்வளவு வைக்கணும்?”

“ஒரு பெட்.”

“அதுக்கு மேல அவர் கேட்க முடியாதா?”

“முடியாது. நீங்க இக்குட் போட்டா ஆட்டம் முடிஞ்சுது.”

டீலர் யோசனை சொல்லக் கூடாது. சட்டத்தைச் சொல்லலாம். சுகுமாரன் தலையை ஆட்டினார். ஒரு பெட்டுக்கான சிப்பை எடுத்தார், அதில் ஒன்று விரலிலிருந்து நழுவி உருண்டது. பொறுக்கிச் சேர்த்து உள்ளே வைத்தார்.

“இக்குட்.”

முத்தையா கார்டைத் திருப்பினார். இரண்டும் ஹார்ட். நடுவில் இன்னொரு ஹார்ட் விழும் என்று கடைசி வரை காத்திருந்து விழாமல் போன கை. ஒரு ஜோடிகூட இல்லை. சுகுமாரனிடம் ஒரு கிங்கும் ஒரு குயினும் இருந்தன. நான் பாட்டை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை, முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டார்.

6. ஜெட்டிக்கு வந்த பிறகு

திரும்பும் ஃபெரியில் முத்தையாவும் இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஜெட்டியில் சிக்னல் வந்ததும் தம்பிக்குப் போன் போட்டேன்.

“கதிரு, நாளைக்கு லாரி எடுக்காதே. வேலைய விட்டுரு.”

“என்னக்கா ஆச்சு?”

சொன்னேன். அவன் சிரித்தான். “அவரு என்ன பண்ணிருவாரு? மிஞ்சிப்போனா வேலையிலேருந்து நிப்பாட்டுவாரு. நிப்பாட்டட்டுமே, அப்ப பாத்துக்கலாம் லா.”

“பிரேக்குல ஏதாச்சும் கை வச்சா?”

“அக்கா, லாரி அவரோட லாரி. அவரு லாரிய அவரே கவுப்பாரா?”

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் அழுதேன், ஜெட்டியில் எல்லாரும் பார்க்க. அப்பா அம்மா மேல் ஆணை என்றேன். நீ போனால் என்னை உயிரோடு பார்க்க மாட்டாய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். கடைசியில் அவன் குரல் இறங்கிப்போனது. “சரிக்கா, நிக்கிறேன்,” என்றான்.

லாபிஸில் அந்தச் சம்பளத்துக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. கதிர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் சேர்ந்தான். மனைவியும் மகளும் லாபிஸில், அவன் வார நாளெல்லாம் சிங்கப்பூரில் ஒரு பகிர்ந்த அறையில்.

பல மாதம் கழித்து முத்தையா திரும்பக் கப்பலுக்கு வந்தார். நான் ஓய்வு நேரத்தில் மேல்தளத்தில் நின்றிருந்தேன். கையில் மைலோ கப்போடு பக்கத்தில் வந்து நின்றார். தப்பித்துப் போக வழி இல்லை.

“பரமே, உன் தம்பி ஏன் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான்?”

“நீங்க அன்னைக்குச் சொன்னீங்களேண்ணே, மலைப்பாதைன்னு...”

அவருக்கு நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அலமாக்! அதையா புடிச்சுக்கிட்ட? கையில ஒண்ணும் இல்லாதப்போ வாய்தானே பேசும்? நீ டீலரு, ஒனக்குத் தெரியாதா?” தலையை ஆட்டிக்கொண்டார். “நல்ல டிரைவர்மா. அடுத்து வர்ற புது லாரிய அவனுக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன்.”

அவர் சொன்னது உண்மையா, அதுவும் ஒரு வாய்ப்பேச்சா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி ஒன்று இருந்தது. கதிர் மறுநாள் வேலைக்குப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் முத்தையா அவனிடம் கேட்கக்கூடியது அந்த வேலை ஒன்றைத்தான். அதை நானே, அவர் கேட்பதற்கு முன்பே, எறிந்துவிட்டேன். மேசையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்த சுகுமாரன் நடுங்கிக்கொண்டே எவ்வளவு என்று கேட்டு, அதை மட்டும் வைத்து, நின்றார். நாள் முழுக்க அந்த ஆட்டத்தை நடத்துகிற நான் எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

புதிதாக லிமிட் ஆட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயம் வரும், வரட்டும். எறிவதற்கு முன்னால் டீலரிடம் கேளுங்கள், இப்போது என்னிடம் கேட்பது எவ்வளவு என்று. எதிராளியின் முகத்தைப் பார்த்து அதைக் கணக்குப் போடாதீர்கள். கேட்கப்படாத பெட்டுக்கு யாரும் கார்டை எறிய வேண்டாம்.

கதிர் என்னை இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லாபிஸில் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறுகிறான். அவன் பையைத் தோளில் மாட்டும்போது மகள் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாளாம், திரும்பவே மாட்டாளாம். அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த வீட்டுக்குப் போவதில்லை. பயமாக இருக்கிறது.